டிரில் மாஸ்டர், பி.டி. சார், கோச்: எல்லையோரப் பள்ளிகளில் ஒரு பதவியின் வரலாறு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பேஸ்பால் அணியைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் ஆட்டக்காரர் பட்டியலுக்கு அருகே பெரும்பாலும் இன்னொரு பட்டியலும் இருக்கும். தலைமைப் பயிற்றுநர் ஒருவர்; பந்தெறிதலுக்கு ஒருவர், மட்டையடிக்கு ஒருவர், இளையோர் அணிக்கு ஒருவர் என உதவிப் பயிற்றுநர்கள் சிலர். அவர்களுள் பலர் அதே பள்ளியில் கணக்கோ வரலாறோ கற்பிப்பவர்கள். இந்தக் கூட்டத்தைத் தமிழில் ‘பயிற்சிக் குழு’ என்று சொல்லிவிடலாம். சொல்லில் சிக்கல் இல்லை. அது சுட்டும் பொருள்தான் நம் பள்ளிகளில் இல்லை. தமிழகத்திலோ ஆந்திரத்திலோ ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மைதானத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஒருவரே. கபடி, கோ-கோ, கைப்பந்து, தடகளம் அனைத்துக்கும் அவரே பயிற்றுநர். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசை நேராக்குபவரும் அவரே. தாமதமாக வருபவனை வாயிலில் நிறுத்துபவரும் அவரே.

இந்த ஒற்றை மனிதரின் பதவி எப்படி உருவாயிற்று? அது ஏன் ஒரு குழுவாக வளரவில்லை? இவ்வினாக்களுக்குப் பணப் பற்றாக்குறை என்று விடை சொல்வது எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அப்பதவிக்குக் காலந்தோறும் வழங்கிவந்த பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு விடையும் கிடைக்கிறது. அவ்வாறு பார்ப்பதற்குச் சத்தியவேடு பொருத்தமான இடம்.

சத்தியவேடு இன்று ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 மார்ச் முடிய சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபின் எழுந்த எல்லைச் சிக்கலைத் தீர்க்கப் படாஸ்கர் வகுத்த வழியில் 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்ட சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. தமிழ் வரலாற்று நினைவில் இவ்விணையின் முதற்பாதிதான் பெரிதும் பேசப்படுகிறது. மறுபாதியில், பள்ளிகளும் ஆசிரியப் பதவிகளும் விளையாட்டு மைதானங்களும் நின்ற இடத்தில் நின்றபடியே வேறொரு மாநிலத்தின் நிருவாகத்துக்குள் சென்றன.

அப்படிச் சென்றபோது பதவியின் பெயரும் மாறியது. தமிழ்நாட்டு ஆவணங்களில் ‘உடற்கல்வி ஆசிரியர்’ எனப்படுபவர் தெலுங்கு வழக்கில் ‘வியாயாம உபாத்யாயுடு’. கேட்பதற்கு இரண்டும் இரு வேறு உலகங்களாகத் தோன்றும். ஆனால் எழுத்தை விட்டுப் பேச்சுக்கு வந்தால் எல்லை மங்கிவிடுகிறது. ‘உபாத்தியாயர்’ என்ற வடசொல் தமிழ்ப் பேச்சில் திரிந்ததுதான் ‘வாத்தியார்’. ஆகவே ஊத்துக்கோட்டைப் பக்கத்து ‘வாத்தியாரு’ம் சத்தியவேட்டுப் பக்கத்து ‘உபாத்யாயுடு’வும் ஒரே சொல்லின் இரு முகங்கள். ‘டிரில் மாஸ்டர்’ என்ற ஆங்கிலத் தொடரோ இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே வடிவில் வழங்கிற்று. எல்லைக்கோடு அலுவலகப் பெயரைத்தான் மாற்றியது. பதவியின் உள்ளடக்கம், அதற்கு முந்தைய நூறாண்டுகளில் உருவான பழைய வார்ப்பிலேயே நீடித்தது.

அந்த வார்ப்புக்கும் முன்னால் உடலைப் பயிற்றுவோருக்கு இப்பகுதியில் வேறு பெயர்கள் இருந்தன. சிலம்பம் கற்பிப்பவர் வாத்தியார் அல்லது ஆசான். குத்துச்சண்டையும் குஸ்தியும் கற்பிப்பவர் ‘வஸ்தாது’. ‘உஸ்தாத்’ என்ற பாரசீகச் சொல் தமிழிலும் தெலுங்கிலும் இவ்வாறு வழங்கியது. இரு மொழிகளிலும் அது பலசாலியையும் குறித்தது. தெருக்கூத்துக்கு வாத்தியார், சில பகுதிகளில் அண்ணாவி. இப்பெயர்கள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கலையில் தேர்ந்தவரைச் சுட்டுகிறது. சிலம்ப வாத்தியார் சிலம்பம் மட்டுமே கற்பிப்பார். அவரிடம் வருபவன் விரும்பி வருபவன். அவருக்கு உதவியாக மூத்த சீடர்கள் இருப்பர். புதியவனுக்கு முதற்சுவடு சொல்லித் தருவது பெரும்பாலும் அவர்கள் வேலை. இன்றைய சொல்லில் அதுவே ஒரு பயிற்சிக் குழுதான்.

மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறை உடற்கலைகளோடு நின்றதன்று. திண்ணைப் பள்ளிகளின் அடிப்படையே அதுதான். எழும்பூரில் இருந்த சென்னை ஆண் அனாதைப் பள்ளியின் கண்காணிப்பாளராக 1789 முதல் 1796 வரை பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஒரு முறையை வகுத்தார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது பிரிட்டன் எங்கும் பரவியது. ஒரே ஆசிரியர் பல நூறு பிள்ளைகளை நடத்துவதற்கு அவர் கண்ட வழி நம் சட்டாம்பிள்ளை வழக்கத்தின் உறவினன். இந்தச் செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலப் பள்ளிகளுக்குள் உடற்பயிற்சி நுழைந்தபோது வஸ்தாதும் சிலம்ப வாத்தியாரும் வெளியே நின்றனர். உள்ளே வந்தது ‘டிரில்’. அச்சொல்லின் மூலம் டச்சு மொழி. துளையிடுதல், சுழற்றுதல் என்பது முதற்பொருள். பின்னர் படைவீரரைத் திரும்பத் திரும்ப ஒரே அசைவில் பழக்குவதற்கு அது பெயராயிற்று. பள்ளியில் அதைக் கற்பிக்கப் பல இடங்களில் அமர்த்தப்பட்டவர்கள் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குக் கல்வித் தகுதி குறைவு. ஆகவே ஊதியமும் மதிப்பும் குறைவு. ஆசிரியர் அறையில் அவருக்கு நாற்காலி இருந்தாலும் பேச்சில் பங்கு இருப்பதில்லை. பிற்கால உடற்கல்வி ஆசிரியர்கள் வரை தொடர்ந்த ஒரு தாழ்வு நிலையின் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது.

டிரில் மாஸ்டர் பதவியின் இலக்கணத்தை இவ்வாறு தொகுக்கலாம். முதலாவது, அவருக்கு உரியது ஒரு கலையோ ஆட்டமோ அன்று, ஒழுங்கு. இரண்டாவது, அவர் எதிரே நிற்பது அணி அன்று. முழு வகுப்பு, சிலசமயம் முழுப் பள்ளி. மூன்றாவது, ஒழுங்குக்கு ஒரு குரல் போதும். இரண்டு குரல்கள் எழுந்தால் வரிசை குலைந்துவிடும். இந்த மூன்றாம் இயல்பே இங்கு முக்கியமானது. டிரில் என்ற செயலின் அமைப்பே பயிற்றுவோர் ஒருவராக இருப்பதைக் கோருகிறது. பேஸ்பால் பயிற்சியோ வேலையைப் பிரித்துக் கொடுப்பதைக் கோருகிறது. பதவி எந்தச் செயலைச் சுற்றிப் பிறந்ததோ அந்தச் செயலின் வடிவம் அதில் படிந்துவிட்டது.

பழைய உலகிலிருந்து புதிய பதவிக்குள் நுழைந்தவர்களும் சிலர் உண்டு. தெலுங்கு நாட்டில் இன்றும் நினைக்கப்படும் பலசாலி கோடி ராமமூர்த்தி நாயுடு அவர்களுள் ஒருவர். குஸ்திப் பயிற்சியில் வளர்ந்த அவர் சென்னை சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியருக்குரிய பயிற்சி பெற்று, விஜயநகரத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அப்பணியில் அவர் நிலைக்கவில்லை. சர்க்கஸ் குழு அமைத்து, மார்பின் மேல் யானையை நிறுத்திக் காட்டிப் புகழ் பெற்றார். வஸ்தாது என்ற சொல்லின் முழு வலிமையும் பொருந்திய ஒருவருக்குப் பள்ளி மைதானம் போதிய இடம் தரவில்லை என்பது தனிமனித வரலாறாக மட்டும் கொள்ளத்தக்கதன்று.

பதவியை மாற்றியமைக்கும் பெரிய முயற்சி 1920இல் தொடங்கியது. அமெரிக்கரான ஹாரி குரோ பக், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சென்னையில் உடற்கல்விப் பயிற்சி நிறுவனத்தை அவ்வாண்டில் நிறுவினார். பின்னர் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் நிலைபெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். பக் பயின்றது ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய இடமும் அதுவே. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள ஹோலியோக்கில் 1895இல் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார், அதுவும் ஒய்.எம்.சி.ஏ.வில்தான். இவ்விரு ஆட்டங்களும் தென்னிந்தியப் பள்ளிகளில் வேரூன்றியதில் பக்கின் மாணவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியுடன் பக்கும் சென்றார்.

இங்கே ஒரு வினா எழலாம். பயிற்சி தந்தவர் அமெரிக்கர். அமெரிக்காவின் தேசிய ஆட்டமோ பேஸ்பால். அது ஏன் சென்னை மாகாணப் பள்ளிகளில் பரவவில்லை? ஒய்.எம்.சி.ஏ.வின் நோக்கமே ஒரு காரணம். குறைந்த இடத்தில், குறைந்த கருவிகளுடன், எத்தனை பேர் வந்தாலும் ஆடக்கூடிய ஆட்டங்களையே அவ்வியக்கம் தேடியது. ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் கைப்பந்து நடக்கும். பேஸ்பாலுக்குப் பரந்த வெளி வேண்டும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் கையுறை வேண்டும். மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டத்தின் இடத்தைக் கிரிக்கெட் ஏற்கெனவே பிடித்திருந்தது.

அதே காலத்து ஜப்பானை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1872இல் ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் தம் மாணவருக்குப் பேஸ்பால் கற்பித்தார். 1894இல் சூமன் கனாயே அதற்கு ‘யாக்யூ’, அதாவது வயல்வெளிப் பந்து, என்ற ஜப்பானியப் பெயரைப் படைத்தார். 1915இல் நடுநிலைப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி தொடங்கியது. 1924இல் கோஷியென் மைதானம் கட்டப்பட்டது. இன்றைய உயர்நிலைப் பள்ளிப் போட்டிகள் அந்த மரபின் தொடர்ச்சி. அங்கும் பயிற்றுவித்தவர்கள் பள்ளியைச் சார்ந்தவர்களே; அங்கும் ஒழுக்கம் முதன்மையானதே. ஆனால் பதவி, ஓர் ஆட்டத்தையும் அதற்குரிய மாணவர் மன்றத்தையும் சுற்றி அமைந்தது. அணியை நடத்துபவர் ‘கந்தொகு’. பள்ளியின் சார்பில் பொறுப்பேற்கும் ஆசிரியர் ‘புச்சோ’. இவர்களுக்குத் துணையாகக் ‘கோச்சி’. ஆங்கிலக் ‘கோச்’ அங்கே துணைப் பதவிக்கான பெயராக ஒதுங்கிக்கொண்டது.

‘கந்தொகு’ என்ற சொல் மேற்பார்வையாளரைக் குறிப்பது. ஜப்பானியர் திரைப்பட இயக்குநரையும் அச்சொல்லாலேயே அழைக்கின்றனர். தமிழிலும் இதற்கு இணையான நிலை ஒன்று உண்டு. ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்த ‘பிசிக்கல் டைரக்டர்’ என்ற அமெரிக்கப் பதவிப் பெயர் நம் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் ‘உடற்கல்வி இயக்குநர்’ ஆயிற்று. திரைப்படத்தை நடத்துபவரும் மைதானத்தை நடத்துபவரும் தமிழிலும் ஒரே சொல்லைப் பெற்றனர். வேறுபாடு ஒன்றுதான்: கந்தொகுவுக்கு இயக்குவதற்கு ஒரு குழு இருந்தது. உடற்கல்வி இயக்குநருக்கோ பெயர் உயர்ந்தது, இயக்குவதற்கு உதவியாளர் வரவில்லை. பக்கின் கல்லூரி டிரில் மாஸ்டருக்குக் கல்வியும் பட்டமும் ஓரளவு மதிப்பும் தந்தது. ஒரு பள்ளிக்கு ஒருவர் என்ற பழைய அளவை அதனால் மாற்ற இயலவில்லை.

விடுதலைக்குப் பின் ஒழுங்கு என்ற பழைய பொருள் மேலும் வலுப்பெற்றது. 1948இல் தேசிய மாணவர் படை அமைந்தது. 1954இல் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த போன்ஸ்லேயின் முயற்சியில் தேசிய ஒழுக்கத் திட்டம் தொடங்கியது. உடற்கல்வி, ஒழுக்கம், பொழுதுபோக்கு எனத் தனித்தனியே ஓடிய திட்டங்களை ஒருங்கிணைக்க 1959இல் குன்ஸ்ரு குழு அமைக்கப்பட்டது. 1965இல் தேசிய உடல்தகுதிப் படை என்ற ஒருங்கிணைந்த திட்டம் வந்தது. பெயர்களைக் கவனித்தால் ‘படை’, ‘ஒழுக்கம்’ என்ற சொற்களே முன்னிற்கின்றன. ‘ஆட்டம்’ எங்கும் இல்லை.

இக்காலத்தில் மைதானத்தின் மொழியும் மாறியது. ‘அட்டென்ஷன்’, ‘ஸ்டாண்ட் அட் ஈஸ்’ என்ற ஆங்கிலக் கட்டளைகளோடு மாணவர் படையின் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற இந்திக் கட்டளைகளும் சேர்ந்தன. இரண்டும் பிள்ளைகளின் வீட்டு மொழி அல்ல என்பதில் ஒரு வசதி இருந்தது. கட்டளைக்குப் பொருள் விளங்க வேண்டியதில்லை. ஓசை விளங்கினால் போதும். தமிழ் பேசும் பிள்ளையும் தெலுங்கு பேசும் பிள்ளையும் ஒரே ஓசைக்கு ஒரே நேரத்தில் காலை உதைப்பார்கள். சத்தியவேடு, நகரி, குப்பம் போன்ற எல்லைப் பகுதிகளில், தமிழ்வழி வகுப்புகளும் தெலுங்குவழி வகுப்புகளும் அருகருகே நடந்த சூழலில், டிரில் மொழிச் சிக்கலே எழாத பாடமாக இருந்தது.

பயிற்சி அத்தகையதன்று. பந்தை விடுவிக்கும் கணத்தில் மணிக்கட்டு எங்கே இருக்க வேண்டும், ஏன் அங்கே இருக்க வேண்டும், சென்றமுறை ஏன் தவறியது என்பதை ஓசையால் உணர்த்த முடியாது. விளக்கம் வேண்டும், விளக்கத்துக்குப் பிள்ளையின் மொழி வேண்டும், பிள்ளை திருப்பிக் கேட்கும் வினாவுக்கு நேரம் வேண்டும். கட்டளையில் பேசுபவர் ஒருவர், கேட்பவர் நூறு பேர். பயிற்சியில் பேச்சு இருவருக்கு இடையே நடக்கிறது. எனவே டிரிலிலிருந்து பயிற்சிக்கு மாறுவதென்பது பாடத்திட்ட மாற்றம் மட்டுமன்று, பேச்சின் வடிவ மாற்றமும் ஆகும். அதற்குப் பேசுவோரின் எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். கூடவில்லை.

‘கோச்’ இந்தியாவுக்குத் தனிப் பதவியாக வந்ததும் இதே காலத்தில்தான். 1953இல் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. ஆட்டவாரியாகப் பயிற்றுநரை உருவாக்குவது அதன் பணி. ஹாக்கிக்கு ஒருவர், தடகளத்துக்கு ஒருவர், மல்யுத்தத்துக்கு ஒருவர் என்ற பழைய வாத்தியார் மரபு புதுப் பெயரில் திரும்பிவந்ததாகக்கூட இதைக் கொள்ளலாம். ஆனால் அப்பயிற்றுநர்கள் பணியாற்றியது பெரும்பாலும் மாவட்ட விளையாட்டரங்குகளிலும் விளையாட்டு விடுதிகளிலும். திறமை காட்டிய பிள்ளை பள்ளியை விட்டு அவர்களிடம் போக வேண்டும். அவர்கள் பள்ளிக்கு வருவதில்லை. இவ்வாறு பதவி இரண்டாகப் பிளந்தது. வெற்றிக்குக் கோச், ஒழுங்குக்குப் பி.டி. சார். தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்கு முன்னவர், எஞ்சிய அனைவருக்கும் பின்னவர்.

சத்தியவேடு மாநிலம் மாறிய 1960ஆம் ஆண்டு, இந்தப் பிளவு நிகழ்ந்துகொண்டிருந்த பத்தாண்டின் நடுவே வருகிறது. ஒரு சமூக வரலாற்றாளருக்கு அது ஏறக்குறைய ஓர் இயற்கைச் சோதனை. ஒரே மாகாணத்தின் கல்வி விதிகளுக்குள் வளர்ந்த பள்ளிகளுள் சில ஒருபுறமும் சில மறுபுறமும் சென்றன. பின்னர் இரு மாநிலங்களும் தத்தம் மொழியில் பதவிப் பெயர்களை அமைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் உடற்கல்வி ஆசிரியர், உடற்கல்வி இயக்குநர் என்ற அடுக்குகள் வந்தன. ஆந்திரத்தில் பி.இ.டி. என்ற சுருக்கமும், பிற்காலத்தில் உடற்கல்விக்கான ‘ஸ்கூல் அசிஸ்டெண்ட்’ என்ற பதவியும் வழங்கின. மொழிக்கொள்கையிலும் பாடநூலிலும் இரு மாநிலங்கள் எவ்வளவோ விலகிச் சென்றன. மைதானத்தில் நிற்பவர் மட்டும் இருபுறமும் தனியாகவே நின்றார். எல்லையின் இரு பக்கமும் விளைவு ஒன்றாக இருந்தால் காரணத்தை எல்லைக்கு முந்தைய காலத்தில் தேடுவதே முறை.

இப்பின்னணியில் பேஸ்பாலின் இந்திய வரலாற்றைப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். இந்திய சாஃப்ட்பால் சங்கம் 1961இலும் பேஸ்பால் கூட்டமைப்பு 1983இலும் தோன்றின. 1954இல் அமைந்த இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் ஆட்டப் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றன. ஆகவே பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்கு அணி அனுப்ப வேண்டிய கடமை உடற்கல்வி ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது. அவர் கைப்பந்தும் கோ-கோவும் ஆடி வளர்ந்தவர். ஒரு புதிய ஆட்டத்தின் விதிகளைத் தாமே படித்து, ஈட்டி எறிபவனைப் பந்தெறியவும், கிரிக்கெட் ஆடுபவனை மட்டை பிடிக்கவும் பழக்கி, ஓர் அணியை உருவாக்க வேண்டியவரானார். 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியே அமெரிக்கப் பிட்ஸ்பர்க் அணி நிருவாகத்துடன் ஒப்பந்தமான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்கள். உலகம் அவர்களுடைய அமெரிக்கப் பயிற்றுநர் டாம் ஹவுஸைப் பாராட்டியது. அவர்களுடைய தோளில் அந்த வலிமையை ஏற்றிய ஈட்டிப் பயிற்சி பற்றிப் பேச்சு குறைவு.

பேஸ்பாலின் விதிகளிலேயே பயிற்றுநருக்கு ஆடுகளத்தில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. முதல் தளத்தின் அருகே ஒருவர், மூன்றாம் தளத்தின் அருகே ஒருவர் நின்று ஓடுபவனுக்குச் சைகை காட்டுவர். தலைமைப் பயிற்றுநர் வெளியே அமர்ந்திருப்பார். கிரிக்கெட்டில் பயிற்றுநர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருப்பவர். இங்கே அவர் ஆட்டத்தின் உறுப்பு. அப்படியானால் ஒரே ஆசிரியர் உள்ள பள்ளி என்ன செய்யும்? தளங்களின் அருகே மாணவரையே நிறுத்தும். இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஜப்பானின் உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலில் அதுவே நடைமுறை. தளப் பயிற்றுநராக நிற்பவர்கள் மாணவர்கள்; கந்தொகு தம் இருக்கையை விட்டு ஆடுகளத்துக்குள் வருவதில்லை; அவர் செய்தியை ஓடிச்சென்று சொல்பவனும் ஒரு மாணவனே. பெஞ்சில் அமர்ந்து கணக்கு எழுதுவதும் மாணவர் பொறுப்பு.

ஆண்ட்ரூ பெல் எழும்பூரில் கண்ட முறை இங்கே மீண்டும் எதிர்ப்படுகிறது. நம் பள்ளிகளில் பயிற்சிக் குழு என்று பதவியாக ஒன்று இல்லை, நடைமுறையாக இருந்தது. பத்தாம் வகுப்புக் கபடி வீரன் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடி சொல்லித் தருவான். படிப்பு முடித்து ஊரிலேயே இருக்கும் பழைய மாணவர் மாலையில் வந்து கைப்பந்து வலை கட்டுவார். உடற்கல்வி ஆசிரியர் இந்தச் சங்கிலியைப் பிடித்திருப்பவர். எல்லாக் கண்ணிகளும் அவரே அல்லர். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சிற்றூர்ப் பள்ளிகள் சில ஆட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வென்றுவந்திருப்பதற்கு இச்சங்கிலி இன்றியமையாத காரணம். அதற்குப் பெயர் இல்லை, ஊதியம் இல்லை, எந்த ஆவணத்திலும் பதிவும் இல்லை. பெயரில்லாத ஒன்று அறுந்துபோகும்போது எவரும் குறித்துக்கொள்வதும் இல்லை.

அது அறுவதற்கான காரணம், ‘கோச்’ என்ற சொல்லின் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஹங்கேரியில் கோச் என்பது ஓர் ஊர்; 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிக்கு அவ்வூர்ப் பெயரே வழங்கிற்று. 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர், தம்மைத் தேர்வில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரைக் கேலியாக அந்த வண்டியின் பெயரால் அழைத்தனர். 1860-களில்தான் அச்சொல் விளையாட்டுப் பயிற்றுநருக்கு உரியதாயிற்று. ஆகவே கோச் முதலில் தேர்வுக்கு, பிறகு ஆட்டத்துக்கு. நம் ஊர்களில் அது மீண்டும் தேர்வுக்கே திரும்பிவிட்டது. சென்னையிலோ திருப்பதியிலோ ‘கோச்சிங்’ என்றால் எவர் மனத்திலும் மைதானம் தோன்றாது. நுழைவுத் தேர்வுக்கான வகுப்பறைதான் தோன்றும். சொல்லின் இந்தத் திரும்பல் பள்ளியின் கால அட்டவணையிலும் நிகழ்ந்தது. பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் இயல்பாகிவிட்டது. இளையவருக்குக் கற்பிக்க வேண்டிய மூத்த மாணவர் அந்த நேரத்தில் சிறப்பு வகுப்பில் இருக்கிறார். சங்கிலியின் நடுக்கண்ணி அங்கே கழன்றுவிடுகிறது. மைதானத்தில் எஞ்சுபவர்கள் சிறுவர்களும் ஓர் ஆசிரியரும் மட்டுமே. அதாவது டிரில் மாஸ்டர் காலத்து அமைப்பு.

சட்டமும் இந்நிலையை மாற்றவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிரிவில் பிள்ளைகள் 100 பேருக்கு மேல் இருந்தால், உடல்நலம் மற்றும் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. ஓவியத்துக்கும் தொழிற்கல்விக்கும் அதே நிலைதான். பட்டாளத்திலிருந்து வந்த டிரில் மாஸ்டர் முழுநேர ஊழியராக இருந்தார். நூறாண்டு உடற்கல்வி இயக்கத்துக்குப் பின் எழுதப்பட்ட சட்டத்தின் குறைந்தபட்ச அளவு பகுதிநேரம்.

சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா மண்டலங்களில் பரந்துள்ள ஸ்ரீசிட்டித் தொழில் நகரில் இன்று ஜப்பானிய நிறுவனங்கள் பல இயங்குகின்றன. 2016இல் இசுசு வாகனத் தொழிற்சாலை அங்கே திறக்கப்பட்டது. கோஷியென் போட்டியை ஆண்டுதோறும் கொண்டாடும் ஒரு நாட்டின் தொழில்முறை, சத்தியவேட்டுப் பிள்ளைகளின் எதிர்கால வேலைவாய்ப்போடு நேரடியாக இணைந்துவிட்டது. அத்தொழில்முறையில் பெரிதும் போற்றப்படும் குழுவேலை, ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளி மன்றங்களில் பழகுவது. நம் பிள்ளைகளுக்கும் அது அந்நியமன்று. வலை கட்டிய பழைய மாணவரிடமும் பிடி சொல்லிக் கொடுத்த அண்ணனிடமும் அவர்கள் கற்றது அதைத்தான்.

எனவே பள்ளி விளையாட்டைப் பற்றிய விவாதத்தைக் கோச்சுகளை வெளியிலிருந்து அனுப்புவது என்ற கோரிக்கையோடு முடித்துவிட இயலாது. உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்களை முழுநேரமாக நிரப்புவது முதற்படி. பத்தாம் வகுப்புக்கும் விளையாட்டுப் பாடவேளையை மீட்டுத் தருவது அடுத்தது. மூத்த மாணவரையும் பழைய மாணவரையும் பள்ளியின் ஆவணத்தில் உதவிப் பயிற்றுநர் எனப் பெயரிட்டுப் பதிவது மூன்றாவது. அதற்குச் செலவு ஏதுமில்லை. டிரில் மாஸ்டர் என்ற பெயர், ஒருவர் தனியாக நிற்கும் ஒரு பதவியை உருவாக்கி நூறாண்டுக்கு மேல் நிலைநிறுத்தியது. சொல்லுக்கு அத்தனை வலிமை உண்டெனில், உடனிருப்போருக்கும் ஒரு பெயர் கொடுத்துப் பார்க்கலாம்.